மூலைக்கல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

தாராபுரம் பக்கம் ஆறு ஏக்கர் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போடும் வேலையை உன் சொந்தப் பொறுப்பில் எடுத்திருப்பதாக அக்கா போனில் சொன்னாள். மனசு நிறைந்துவிட்டது.

தொகை சொல்லும் முன்னே எல்லையை ஒரு சுற்று நடந்துவிடு. ஏக்கரை வைத்துக் கம்பிக் கணக்குப் போடாதே. ஆறு ஏக்கர் சதுரமாகக் கிடந்தால் சுற்றளவு ஏறக்குறைய 2,045 அடி. அதே ஆறு ஏக்கர் 200 அடி அகலத்தில் நீண்டு கிடந்தால் 3,000 அடியைத் தாண்டிவிடும். அளவுக்கல் கண்ணில் படாவிட்டால் சர்வேயர் வந்து காட்டட்டும். பக்கத்துக் காட்டுக்காரரும் அப்போது கூட நிற்பது நல்லது.

உள்ளே மேயப்போவது என்ன என்று கேள். மாடு அந்தப்பக்கத்துப் புல்லுக்குக் கழுத்தை நீட்டும், வேலிக்கல்லில் உடம்பைத் தேய்க்கும். செம்மறி அடிக்கம்பிக்குக் கீழே தலையை நுழைக்கும். வெள்ளாடு முன்னங்காலைத் தூக்கி வைத்து ஏறப் பார்க்கும். ஆடு இருந்தால் கீழ்ப்பாதிக்கு வலை வேண்டும். கம்பியை எப்போதும் கல்லின் உட்பக்கம், மாடு நிற்கும் பக்கமாகக் கட்டு. மாடு தள்ளினால் கம்பி கல்லில் சாயும். வெளிப்பக்கம் கட்டினால் அந்தப் பாரம் முழுக்கக் கட்டுக்கம்பியின் மேல் விழுந்து தெறித்துவிடும்.

நான் தவறியது மூலையில்தான். முதல் வேலையில் ஐந்து வரிசைக் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டினேன். மூலைக்கல்லுக்கு முட்டுக்கல் கொடுக்கவில்லை. இரண்டு பக்கத்து இழுப்பும் அந்த ஒற்றைக் கல்லின் மேல்தான் வந்து சேர்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை. ஐப்பசி மழையில் மண் இளகியதும் கல் உள்பக்கமாகச் சாய்ந்தது, கம்பியெல்லாம் தொங்கிப்போனது. தாண்டப்போன சினைமாட்டின் மடியைக் கம்பி முள் கிழித்துவிட்டது. மாட்டுக்கார வீட்டம்மா காயத்தில் மஞ்சள் வைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு எந்த வேலையானாலும் மூலைக்கல்லைத்தான் முதலில் நடுகிறேன். மற்ற கல்லுக்கு இரண்டடிக் குழி என்றால் மூலைக்கு இன்னும் ஆழம். கம்பி ஓடும் இரண்டு திசையிலும் திசைக்கொரு முட்டுக்கல். கடவுக்கு இருபுறம் நிற்கும் கல்லுக்கும் இதே கவனிப்பு.

இன்னொன்று. அந்தக் காட்டில் பழைய கிளுவை வேலி இருக்கிறதாமே. ஜேசிபி வைத்துப் பிடுங்கச் சொன்னால் உடனே தலையாட்டாதே. கம்பி துருப்பிடிக்கும், கிளுவை வருஷத்துக்கு வருஷம் தடிக்கும். கோடையில் இலையுதிர்ந்து பட்டுப்போனதுபோல் நிற்கும். ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். ஆட்டுக்கு அதன் தழையும் தீனி. அதன் அடியில்தான் காடை முட்டையிடும், கீரி ஒண்டும். இடைவெளி விழுந்த இடத்தில் மட்டும் கிளுவைப் போத்துகளை மழைக்கு முன்னே நெருக்கமாக ஊன்றி, அவை வேர்பிடிக்கும்வரை இரண்டு வரிசைக் கம்பி ஓட்டிக் கொடு. உனக்குக் கூலி குறையும், தெரியும். இருந்தாலும் காட்டுக்காரரிடம் இதை எடுத்துச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வருகிறேன். இட்டேரிப் பக்கத்திலிருந்து நடக்கத் தொடங்கலாம். நூறடி டேப்பும் முளைக்குச்சியும் எடுத்து வை.

அன்புடன்,
மாமா