எள்ளல் மொழியும் ஏழை வழக்கும்

சிரிப்பு என்றதும் துணுக்கும் மேடை விகடமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையையே முதலாவதாக வைத்தார். அது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினின்றும் பிறக்கும் என்றார். செய்யுளியலிலோ அங்கதம் என ஒன்றைக் கூறி, அதனை இரண்டாகப் பிரித்தார். முகத்துக்கு நேரே பழிப்பது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்து வைத்து மொழிவது பழிகரப்பு அங்கதம். நாம் இங்கே காணவிருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. ஏன் எனில், வலியவனை நேரே வைதால் எளியவனுக்குக் கூலி போகும்; சில வேளை குடிசையும் போகும். மறைத்துச் சொன்னாலோ, வைதானா வாழ்த்தினானா என்று வலியவன் யோசிப்பதற்குள் ஊர் சிரித்து முடித்துவிடும்.

புகழ்வது போலப் பழிப்பதை வஞ்சப்புகழ்ச்சி என்று அணியிலக்கணப் பாடத்தில் படிக்கிறோம். தேர்வுக்கு ஓர் எடுத்துக்காட்டை மனனம் செய்து, மறுநாளே மறந்தும் விடுகிறோம். திருக்குறளின் 108-ஆம் அதிகாரமாகிய கயமையை ஒருமுறை இந்தக் கண்ணோடு படித்துப் பார்த்தல் வேண்டும். கயவரை வள்ளுவர் தேவரோடு ஒப்பிடுகிறார். தம் மனம் போன போக்கில் நடப்பதில் இருவரும் ஒன்றாம்! நன்மை அறிந்தவரைக் காட்டிலும் கயவரே பாக்கியசாலிகள், அவர்கள் நெஞ்சிலே கவலை இல்லையே என்றும் சொல்கிறார். இவற்றை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது. இவ்வதிகாரத்துக்கு முன்னே நிற்பவை இரவும் இரவச்சமும். அதாவது, கையேந்தி நிற்பவனின் துயரை இருபது குறள்களில் சொல்லிவிட்டு, உடனே இந்தக் கயவர்களைக் கொண்டுவந்து நிறுத்திப் பொருட்பாலை முடிக்கிறார். சான்றோர் குறையைச் சொன்ன மாத்திரத்தில் உதவுவர். கயவரோ கரும்பைப் போல நசுக்கினால்தான் பயன்படுவர் என்பதும் அங்கேதான் வருகிறது. எறையூர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் வண்டிகளைக் கண்டு வளர்ந்த நமக்கு இந்த உவமையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி நம் மண்ணுக்கே வருவோம். அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் ஏலாக்குறிச்சி இருக்கிறது. அங்குள்ள அடைக்கல அன்னையின் திருத்தலத்தை அறியாதவர் நம்மில் இரார். இத்தாலியில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர் பல ஆண்டுகள் தங்கிப் பணியாற்றிய ஊர் அது. திருக்காவலூர் என்று அவர் பெயரிட்டதும் அதற்கே. தேம்பாவணியையும் சதுரகராதியையும் தந்த அதே கைதான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதிற்று. தமிழ் கற்க வந்த அயல்நாட்டார்க்குப் பேச்சுநடை விளங்கும்பொருட்டுத் தம் தமிழ் இலத்தீன் அகராதியோடு அதை இணைத்தார் என்பர். 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கிலத்தில் பெயர்த்து இலண்டனில் அச்சிட்டார்.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களின் கூத்தைப் படித்துச் சிரிக்காத சிறுமி இல்லை. ஆனால் அந்தக் கதையில் மூடர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று விலைபேசி விற்றவன் மூடன் அல்லன். வாடகைக்கு விட்ட எருதின் நிழலில் குரு சற்று இளைப்பாறியதற்கும் தனியே கூலி கேட்டவனும் மூடன் அல்லன். அறியாமை எங்கே இருக்கிறதோ, அங்கே அதை விலையாக்க ஒருவன் வந்து நிற்பான். எழுத்தறியாத முதியவளிடம் கைந்நாட்டு வாங்கிக்கொண்டு வட்டிக்கு வட்டி எழுதுகிறவன், அந்த எருதுக்காரனுக்கு உறவுக்காரனே.

மறைக்காமல் ஒன்று சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுத் துறவி ஒருவர் நம் நாட்டுக் குருமாரையும் மடங்களையும் கேலி செய்யவே இதை எழுதினார் என்று குறை கூறுவோர் உண்டு. கேள்வி நியாயமானதே. எவன் யாரைப் பார்த்துச் சிரிக்கிறான் என்பதை எந்த அங்கதத்திலும் கேட்டே ஆகவேண்டும். நம் கருத்தில், இக்கதை நெடுநாள் வாழ்வதற்குக் காரணம் அதிலுள்ள குருவின் காவியுடை அன்று. பட்டமும் பதவியும் உடையவர் சொல்லை ஆராயாமல் நம்பும் மனிதர் எல்லாச் சமயத்திலும் இருப்பதே காரணம்.

முனிவர் இங்கே தமிழ்ப்பணி செய்துகொண்டிருந்த அதே காலத்தில், 1729-இல், அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஜோனத்தன் ஸ்விப்ட் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அவரும் ஒரு சமயக் குருவே. அயர்லாந்தில் அந்நாளில் பஞ்சமும் நிலவாடகையும் ஏழைகளை வாட்டின. தெருவெல்லாம் கையேந்தும் தாய்மாரும் குழந்தைகளும். அதற்கு அவர் கூறிய வழி என்ன தெரியுமா? ஆண்டுதோறும் பிறக்கும் 1,20,000 ஏழைக் குழந்தைகளில் 20,000 பேரை வளர்த்துக்கொண்டு, மற்ற 1,00,000 பேரையும் ஒரு வயதானதும் செல்வர் வீட்டு விருந்துக்கு விற்றுவிடலாம் என்றார்! பொருளாதார அறிஞரைப் போல நிதானமாகக் கணக்கும் போட்டார். படிப்பவர் உடல் நடுங்குகிறது. அந்த நடுக்கமே அவர் வேண்டியது. பெற்றோரை நிலக்கிழார்கள் ஏற்கெனவே விழுங்கிவிட்டார்கள், பிள்ளைகளையும் விழுங்கட்டுமே என்பதே உள்ளே கிடக்கும் பொருள். அழுது எழுதியிருந்தால் இரக்கப்பட்டு மறந்திருப்பார்கள்.

தமிழில் இந்தக் கசப்பை எழுதியவர் புதுமைப்பித்தன். 1934-இல் வந்த ‘பொன்னகரம்’ என்னும் கதையின் பெயரே ஓர் அங்கதம். பொன்னால் ஆன நகரம் என்று நாம் உள்ளே போனால், காண்பது சாக்கடையும் புகையும் இருட்டுச் சந்தும். அங்கே அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி காய்ச்சக் காசில்லாத ஆலைத் தொழிலாளிப் பெண் ஒருத்தி. முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. மேல்வகுப்பு மாணவியர் தாமே படித்துக்கொள்ளட்டும். அவளைப் பார்த்து ஆசிரியர் ஓரிடத்திலும் சிரிக்கவில்லை. அவளுக்கு ஒரு குவளை பால் தராமல், ஒழுக்கத்தைப் பற்றி மட்டும் பேசுகின்ற நம்மைப் பார்த்தே சிரிக்கிறார்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை நாம் தெளிந்துகொள்ள வேண்டும். விடுதியில் ஒட்டுப்போட்ட பாவாடையைக் கண்டு சிரிப்பதும், கிராமத்துப் பேச்சைப் போலச் செய்து காட்டிக் கைதட்டு வாங்குவதும், தோழியின் தந்தை செய்யும் தொழிலைச் சொல்லிக் கேலி பேசுவதும் அங்கதம் ஆகா. அவை கீழே விழுந்தவளை மிதிப்பது. அங்கதம் மேல்நோக்கி எய்யும் அம்பு. தெருக்கூத்தில் கட்டியங்காரன் அரசனைப் பார்த்தே நையாண்டி பேசுகிறான். தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தன்று.

எழுதிப் பழகுவதும் கடினமன்று. ஒரு குறையை எடுத்துக்கொண்டு, அதைப் பெருமையாக வருணித்தால் போதும். கோபச்சொல் ஒன்றும் சேர்க்கக் கூடாது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லைச் சுமந்து லாரிகள் போகும் சாலையோரக் குடிசைகளுக்குத் தினந்தோறும் வெள்ளையடிப்பு இலவசம் என்று தொடங்கலாம். பெரம்பலூர்ப் பக்கத்து மாணவியர்க்கு வெங்காயம் இருக்கிறது. முயற்சிக்கு ஒன்று:

எங்கள் ஊர்ச் சின்ன வெங்காயம் அடக்கம் மிக்கது. உழவனின் பட்டறையில் இருக்கும்வரை விலையேறி அவனுக்குச் செருக்கு உண்டாக்குவதில்லை. வியாபாரியின் கிடங்குக்குள் போன பிறகே தலைநிமிர்ந்து தன் மதிப்பைக் காட்டும். உரித்தவர் கண்ணில் நீரை வரவழைக்கும் வெங்காயம் எல்லா ஊரிலும் உண்டு; விதைத்தவர் கண்ணிலும் வரவழைப்பது எங்கள் ஊர்ச் சிறப்பு.