இராணுவக் கையேடும் பூவல் தண்ணீரும்

அன்பின் தம்பிக்கு,

அமெரிக்க இராணுவத்தின் எஃப்எம் 21-76 என்ற உயிர்பிழைப்புக் கையேட்டைப் போனில் இறக்கி வாசிப்பதாக எழுதியிருந்தாய். நல்ல புத்தகம்தான், வாசி. ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டது என்பதை மனதில் வைத்துக்கொள். முன்பின் தெரியாத நாட்டில் தனித்துப்போய், எதிரியின் கண்ணில் படாமல் உயிரோடிருந்து, தன் ஆட்களிடம் திரும்ப வேண்டிய சிப்பாய்க்காக எழுதியது. நீயோ மட்டக்களப்பின் படுவான்கரைப் பிள்ளை.

தொடக்கத்திலேயே எட்டு அறிவுரைகள் வரும். ஏழாவதைத் திரும்பப் படித்துப் பார்: உள்ளூர்ச் சனம் செய்வது போலச் செய். எதைச் சாப்பிடுகிறார்கள், எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள் என்று கவனிக்கச் சொல்கிறது. அந்த உள்ளூர்ச் சனம் வேறு யார்? உன் அம்மம்மாவும், வாவியில் வீச்சுவலை எறிகிற உன் மாமாவும்தான்.

கடற்கரையில் மணல்மேட்டுக்குப் பின்னால் குழி தோண்டினால் குடிக்கக்கூடிய தண்ணீர் ஊறும் என்கிறது கையேடு. நம் ஆக்கள் பூவல் தோண்டுவதும் இதுதானே. மழைநீர் உப்புநீரைவிட இலேசு, மணலுக்குள் அதன்மேல் மிதந்து நிற்கும். ஆழம் கூடினாலும், அவசரப்பட்டு இறைத்தாலும் உப்பு ஏறிவிடும். எந்த இடத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு ஆழத்தோடு நிறுத்துவது என்பதைப் பூவல் தோண்டியவரின் பக்கத்தில் நின்றுதான் பழக வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொல்லும் பக்கத்தை மட்டும் அம்மம்மாவுக்கு நீ வாசித்துக் காட்டு.

திசை காண்பதில் இன்னும் கவனம் வேண்டும். கைக்கடிகார முள்ளைச் சூரியனுக்கு நேரே பிடிக்கும் வித்தை மிதவெப்ப நாடுகளுக்கானது. மட்டக்களப்பு நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நடுப்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே நிற்கும்போது முள்ளை எங்கே பிடிப்பாய்? துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 8 பாகை உயரத்தில்தான் நிற்கும், கண்டல் மரங்கள் மறைத்துவிடும். குச்சி நட்டு நிழல்நுனியைக் குறிக்கும் முறை இங்கும் உதவும். இரவில் என்றால் கடல் இரைகிற பக்கம் கிழக்கு.

கையேட்டின் நச்சுச்செடிப் பட்டியலில் எட்டி, குன்றிமணி, ஆமணக்கு, அரளி எல்லாம் உண்டு. ஆனால் வாவிக்கரையில் விறகு பொறுக்கப் போகிறவன் முதலில் அறிய வேண்டியது தில்லை மரத்தை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை மங்கிப் போகும், எரித்தால் புகையும் கண்ணைப் பதம்பார்க்கும். தெரியாத கிழங்கைக் கொஞ்சங்கொஞ்சமாகச் சுவைத்துச் சோதிக்கும் முறையை இங்கே செய்து பார்க்காதே. கார்த்திகைப்பூக் கிழங்கின் நஞ்சு சில மணிநேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். பாம்புக்கடியைக் கீறி உறிஞ்சச் சொல்லும் பழைய பக்கங்களையும் தள்ளு. கடிபட்டவரை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ.

சுருக்கு வைக்கும் பக்கங்களை வாசிப்போடு நிறுத்திக்கொள். நம் நாட்டில் சிறுத்தைகள் கம்பிச் சுருக்கில் சிக்கிச் செத்துக்கொண்டிருக்கின்றன. ஒளிந்திருக்கும் வித்தைகளைப் பற்றி ஆசையாகக் கேட்டிருந்தாய். போர்க்காலத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிய சனத்தின் கையில் எந்தக் கையேடும் இருக்கவில்லை. அவர்கள் நடுவே அந்த வித்தைகளை விளையாட்டாகப் பழகுவது எனக்குப் பிடிக்கவில்லை. படைச் சீருடை மாதிரியான உடுப்பும் வேண்டாம். மட்டக்களப்பு 2017இல் கண்ணிவெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதுதான். இருந்தாலும் காட்டில் துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடாமல் பொலிசுக்குச் சொல்.

உள்ளூர்ச் சனத்திடம் கற்க வேண்டுமென்றால் வாகரைப் பக்கம் ஒருமுறை போ. கரையோர வேடர் வழிவந்த குடும்பங்கள் அங்கே இருக்கின்றன, பேசுவது தமிழ்தான். செலிக்மன் தம்பதி 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் அவர்களும் வருகிறார்கள். நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு கேள்வி கேட்க உட்காராதே. வலை இழுக்க, விறகு சுமக்கக் கை கொடு, பேச்சு தானாக வரும்.

கத்தி விஷயம் கேட்டிருந்தாய். விலைகூடிய வெளிநாட்டுக் கத்தி எதற்கு? பட்டறையில் அடித்த காட்டுக்கத்தி ஒன்று, கைப்பிடி உன் கைக்கு அடங்குகிற அளவில் பார்த்து வாங்கு. தீட்டும் கல்லையும் மறக்காதே. வாவிக்கரையின் உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருவேறும், தேங்காய் எண்ணெய் பூசி வை.

அன்புடன்,
அண்ணன்