ஏறுவதும் இறங்குவதும்: இம்ஜா சே சிகரம் கற்பிக்கும் பாடம்

இமயமலை என்றதும் நம் நினைவுக்கு வருவது எவரெஸ்ட். அதன் உயரத்தை மனப்பாடம் செய்கிறோம். டென்சிங், ஹில்லாரி என்னும் இரு பெயர்களையும் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். ஆயின், மலையேறுவோர் எவரெஸ்ட்டில் தொடங்குவதில்லை. அரிச்சுவடி படிக்காமல் காவியம் படிக்க இயலுமா? மலையேற்றத்திற்கும் ஓர் அரிச்சுவடி உண்டு. நேபாள நாட்டில் 'மலைநடைச் சிகரங்கள்' என வகைப்படுத்தப்பட்டுள்ள மலைகளே அவை. அவற்றுள் ஒன்றாகிய இம்ஜா சே என்னும் சிகரத்தை இக்கட்டுரை வழியே படிப்படியாக ஏறிப் பார்ப்போம். நமக்குக் கால் வலிக்காது, குளிரும் தாக்காது. ஆனால் கருத்தூன்றி ஏறினால் நல்லதொரு பாடம் கிடைக்கும்.

பெயரும் வரலாறும்

இம்ஜா சே கிழக்கு நேபாளத்தின் கும்பு வட்டாரத்தில், எவரெஸ்ட்டுக்குத் தெற்கே அமைந்துள்ளது. அதன் உயரம் சுமார் 6,160 மீட்டர். பிரிட்டிஷ் மலையேறுவோர் இதைக் கண்டபோது, பனிக்கடலின் நடுவே நிற்கும் தீவு போல அது தோன்றிற்று. ஆகவே 'ஐலண்ட் பீக்', அதாவது தீவுச் சிகரம் என்று பெயரிட்டனர். 1983இல் இம்ஜா சே என்ற பெயர் சூட்டப்பட்டது. எனினும் மலையேறுவோர் இன்றும் பழைய பெயரையே மிகுதியாக வழங்குகின்றனர்.

1953இல் இம்மலையில் மனிதர் ஏறினர். எவரெஸ்ட்டில் ஏற வந்திருந்த பிரிட்டிஷ் குழுவினர், மெல்லிய காற்றுக்கு உடலைப் பழக்கிக் கொள்வதற்காக அருகிலிருந்த மலைகளில் ஏறினர். அவ்வாறு இம்ஜா சேயில் ஏறியவர்களுள் டென்சிங் நோர்கேயும், சார்லஸ் எவன்ஸ் என்னும் அறுவை மருத்துவரும் இருந்தனர். எவன்ஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக் கொள்வோம். பின்னால் அவரை மீண்டும் சந்திப்போம்.

'மலைநடை' என்ற சொல்லின் பொருள்

1973இல் நிறுவப்பட்ட நேபாள மலையேற்றச் சங்கம் இத்தகைய சிகரங்களுக்கு அனுமதிச் சீட்டு வழங்குகிறது. மிகப் பெரிய சிகரங்களோடு ஒப்பிட்டால் கட்டணமும் குறைவு, நாட்களும் குறைவு. முன் அனுபவம் அதிகம் இல்லாதவரும் தக்க வழிகாட்டியுடன் முயலலாம். இதனால்தான் 'தொடக்கநிலையினர்க்கு ஏற்றது' என்கிறார்கள்.

ஆனால் 'நடை' என்னும் சொல்லைக் கண்டு நாம் ஏமாறலாகாது. இது பூங்காவில் உலாவுவது போன்றதன்று. பனியாற்றைக் கடக்க வேண்டும்; செங்குத்தான பனிச்சுவரில் கயிற்றைப் பற்றி ஏற வேண்டும். இத்தகைய 'எளிய' சிகரங்களிலும் உயிர் இழந்தோர் உண்டு. எளிது என்பது, ஆயத்தம் செய்தவருக்கு மட்டுமே எளிது.

மெல்லிய காற்று

இம்மலையில் முதல் எதிரி பனியன்று. கண்ணுக்குத் தெரியாத காற்றுதான். எவ்வளவு உயரம் சென்றாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஏறத்தாழ 21 சதவீதமே. ஆனால் உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிதான். ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வாறே பாதியாகிறது.

உடல் இதற்கு மெல்ல மெல்லத் தன்னைப் பழக்கிக் கொள்கிறது. முதலில் மூச்சு விரைவாகிறது; நாடித் துடிப்பு கூடுகிறது. நாளடைவில் இரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. இவ்வேலையை உடல் தன் போக்கில்தான் செய்யும்; நாம் அவசரப்படுத்த முடியாது. அவசரப்பட்டு ஏறினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல் ஆகியவை தோன்றும். இதுவே மலைநோய். அதையும் பொருட்படுத்தாமல் மேலே சென்றால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்து நேரும். ஓட்டப் பந்தயத்தில் பரிசு பெற்றவர், உடல் வலிமை மிக்கவர் என்றெல்லாம் மலைநோய் பார்ப்பதில்லை. இளமையும் இதற்குக் காப்பு அன்று.

இதற்காக வகுத்த விதி எளியது. 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இரவு உறங்கும் இடத்தை நாளொன்றுக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வுநாள் வேண்டும். நோயின் அறிகுறி தோன்றினால் மேலே ஏறலாகாது. அது முற்றினால் உடனே கீழே இறங்க வேண்டும். மருந்துகள் உதவலாம், ஆனால் இறங்குவதற்கு ஈடான மருந்து வேறில்லை.

வழிநடை

இவ்விதி எவ்வாறு நடைமுறையாகிறது என்பதை வழியிலேயே காணலாம். காத்மாண்டுவிலிருந்து சிறு விமானத்தில் லுக்லா என்னும் ஊரில் இறங்குகிறோம். உயரம் சுமார் 2,850 மீட்டர். அங்கிருந்து நடை தொடங்குகிறது. முதல் இரவைச் சற்றுக் கீழே உள்ள பாக்டிங்கில் கழிக்கிறோம். மறுநாள் 3,440 மீட்டர் உயரத்தில் உள்ள நாம்ச்சே பஜாரை அடைந்து, ஒரே முறையில் அதிகம் ஏறிவிட்டதால் அங்கு இரண்டு இரவுகள் தங்குகிறோம். ஓய்வுநாள் என்றால் படுத்துக் கிடப்பதன்று; பகலில் அருகிலுள்ள மேட்டில் ஏறிவிட்டு, இரவில் இறங்கி வந்து உறங்குவதாகும்.

பின்னர் பௌத்த மடாலயம் உள்ள தெங்போச்சே, கற்சுவர் சூழ்ந்த வயல்களையுடைய திங்போச்சே. திங்போச்சே 4,410 மீட்டர். அங்கும் ஒரு நாள் தங்குகிறோம். அடுத்து 4,730 மீட்டரில் சுக்குங் என்னும் சிற்றூர். அதன்பின் ஏறத்தாழ 5,090 மீட்டரில் அடிவார முகாம். வழியெங்கும் ஷெர்பா மக்களின் ஊர்களைக் காண்கிறோம். கும்ஜுங் என்ற ஊரில் ஹில்லாரியின் முயற்சியால் 1961இல் கட்டப்பட்ட பள்ளிக்கூடம் இன்றும் நடைபெறுகிறது. எவரெஸ்ட்டில் ஏறிப் புகழ் பெற்றவர், அப்புகழைப் பிள்ளைகளின் கல்விக்கு உதவும் கருவியாக்கினார்.

நம் மூட்டைகளைச் சுமந்து வரும் தொழிலாளரையும் நாம் மறக்கலாகாது. நெற்றியில் வாரைப் பூட்டி முதுகில் சுமையேற்றி அவர்கள் நடக்கிறார்கள். அவர்களுள் பலர் தாழ்ந்த பள்ளத்தாக்குகளிலிருந்து வருபவர்கள். அவர்களையும் மலைநோய் தாக்கும். அவர்களுக்குத் தக்க உடையும் உணவும் உறைவிடமும் கிடைக்கச் செய்வது, அவர்களை அழைத்து வந்தோரின் கடமை.

உச்சி நாள்

அடிவார முகாமில் ஒரு நாள் பயிற்சி. காலணியின் அடியில் பூட்டும் இரும்பு முட்சட்டத்துடன் நடப்பது, பனிக்கோடரியைப் பிடிப்பது, இடுப்பு வாரைக் கயிற்றுடன் இணைப்பது, கயிற்றில் மேலே மட்டும் நகரும் பிடியைக் கொண்டு ஏறுவது, பின் கயிற்றின் வழியே இறங்குவது. கனத்த கையுறையை அணிந்தபடியே இவற்றைச் செய்யப் பழக வேண்டும்.

நள்ளிரவு கழிந்து ஒரு மணி, இரண்டு மணிக்கே புறப்படுகிறோம். ஏன் அந்த நேரம்? இரவுக் குளிரில் பனி இறுகிக் கெட்டியாக இருக்கும்; காலடி நிலைக்கும். வெயில் ஏறினால் பனி இளகும், கற்களும் உருளும். தலையில் கட்டிய விளக்கொளியில் பாறைச் சரிவை ஏறி, விடியும் வேளையில் பனியாற்றை அடைகிறோம். இங்கே ஒருவரோடொருவர் கயிற்றால் பிணைக்கப்படுகிறோம். மேற்பனி மூடியிருக்கும் பிளவில் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் தாங்கிப் பிடிப்பதற்காகவே இவ்வேற்பாடு. அகன்ற பிளவுகளைச் சில ஆண்டுகளில் ஏணி வைத்துக் கடக்க வேண்டியிருக்கும்.

இறுதியில் செங்குத்தான பனிச்சுவர். வழிகாட்டிகள் கட்டிய கயிற்றைப் பற்றி, பத்து அடி எடுத்து வைத்து மூச்சு வாங்கி, மீண்டும் பத்து அடி. அதன்மேல் குறுகிய முகடு. அதன் முடிவில் உச்சி. வடக்கே லோட்சே மலையின் மாபெரும் சுவர் எழுந்து நின்று எவரெஸ்ட்டையே மறைத்துவிடுகிறது. தெற்கே கீழே இம்ஜா ஏரி தெரிகிறது. 1950களில் அங்குச் சில குட்டைகளே இருந்தன. பனியாறு உருகி உருகி அவை பெரிய ஏரியாயின. கரை உடைந்தால் கீழுள்ள ஊர்கள் அழியும் என்பதால், 2016இல் கால்வாய் அமைத்து அதன் நீர்மட்டத்தை 3 மீட்டருக்கு மேல் தாழ்த்தினார்கள்.

திரும்புவதும் ஒரு திறமை

உச்சியை அடைந்தால் பயணம் முடிந்ததா? இல்லை, பாதிதான் முடிந்தது. களைத்த கால்களோடு, இளகும் பனியில், அதே சுவரில் இறங்க வேண்டும். 1993 ஏப்ரல் 22ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் நேபாளப் பெண்மணியான பாசங் லாமு ஷெர்பா, இறங்கும் வழியில்தான் உயிர் நீத்தார். ஆகவே நல்ல வழிகாட்டிகள் புறப்படும் முன்பே ஒரு நேரத்தைக் குறித்து விடுகிறார்கள். அந்நேரத்திற்குள் உச்சியை அடையாவிடில், எவ்வளவு அருகில் இருந்தாலும் திரும்ப வேண்டும்.

இங்கேதான் எவன்ஸை மீண்டும் சந்திக்கிறோம். 1953 மே 26ஆம் நாள் அவரும் டாம் போர்டில்லன் என்பவரும் எவரெஸ்ட்டின் தெற்கு உச்சியை அடைந்தனர். அதுவரை எவரும் அங்கு நின்றதில்லை. முதன்மை உச்சிக்கு இன்னும் சுமார் 100 மீட்டர் உயரமே மீதம். உலகமே போற்றும் புகழ் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. ஆனால் எவன்ஸின் ஆக்சிஜன் கருவி பழுதுபட்டிருந்தது, நண்பகலும் கடந்துவிட்டது. மேலே சென்றால் திரும்பி வர ஆக்சிஜன் போதாது என்று கணக்கிட்டு இருவரும் திரும்பினர். அவர்கள் வழியில் விட்டுச் சென்ற ஆக்சிஜன் உருளைகள், மூன்று நாட்களுக்குப் பின் உச்சியை அடைந்து இறங்கிய ஹில்லாரிக்கும் டென்சிங்குக்கும் பயன்பட்டன. இரண்டே ஆண்டுகளில், 1955இல், உலகின் மூன்றாவது உயரமான கஞ்சன்ஜங்காவில் மனிதர் முதன்முதலில் ஏறியபோது, அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அதே எவன்ஸ்!

மலையேற்றத்தில் பெண்கள் ஆண்களுக்குச் சிறிதும் குறைந்தவரல்லர். 1975இல் ஜப்பானின் ஜுன்கோ தாபெய் எவரெஸ்ட்டை அடைந்த முதல் பெண்மணியானார். 1984இல் நம் நாட்டின் பச்சேந்திரி பால் அவ்வுச்சியில் நின்றார். அவர் உத்தரகாசியிலுள்ள நேரு மலையேற்ற நிறுவனத்தில் முறையாகப் பயின்றவர். நம்முள்ளும் ஒருத்தி நாளை இம்ஜா சேயில் ஏறலாம். அவளை வழியனுப்பும் பெற்றோர், 'உச்சியைத் தொட்டுவிட்டு வா' என்பதோடு, 'வேண்டியபோது திரும்பி வா' என்றும் சொல்லி அனுப்புவார்களாக. அவள் திரும்பி வந்தால் அம்மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும், அவளும் இருப்பாள்.