இருதயக் கதவும் மின்கம்பியும்

சேந்தமங்கலத்தை அடுத்த கொல்லிமலைச் சரிவில் நடந்தேறும் ஒருவரை மனத்திற் கொள்வோம். அவர் ஏற ஏற, இருதயத் துடிப்பும் விரைவு பெறும். ஆனால் இருதயத்தின் மேலறையினின்று கீழறைக்குச் செல்லும் மின்தூண்டல் முற்றுந் தடைப்படுமாயின், நாடி நிமிடத்திற்கு 30, 40 என்ற அளவிலேயே நின்றுவிடும். மலையேற்றம் ஒருபுறமிருக்க, வீட்டுப் படியேறுங்காலும் அவர் மயங்கி விழ நேரும். இக்குறையைத் தீர்க்க வந்ததே பேஸ்மேக்கர் என்னும் கருவி.

1958 அக்டோபர் 8-ஆம் நாள் ஸ்டாக்ஹோம் நகரில், எல்ம்க்விஸ்ட் என்னும் பொறியியலறிஞர் அமைத்த கருவியை டாக்டர் ஸென்னிங் ஆர்னே லார்ஸன் என்பாருடைய உடலினுள் முதன்முதற் பொருத்தினர். மார்பைத் திறந்து, கம்பிமுனைகளை இருதயத்தின் புறத்தே தைத்தனர். அக்கருவி சில மணி நேரமே உழைத்தது. லார்ஸனோ, ஒன்றன்பின் ஒன்றாக 26 கருவிகளைத் தாங்கி, 2001-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தனர்! அதே 1958-இல் நியூயார்க்கில் டாக்டர் ஃபர்மன், மார்பைத் திறவாமலே, இரத்தக் குழாய் வழியாகக் கம்பியை இருதயத்தினுட் செலுத்திக் காட்டினார். இவ்வழியே பின்னர் எங்கும் பரவியது.

ஈண்டு நாம் ஆராயப் புகுந்த சிக்கலும் இவ்வழியிலேயே உளது. காறையெலும்பின் கீழுள்ள குழாயிற் புகுந்த கம்பி, வல மேலறையை அடைந்து, மூவிதழ் வால்வு என்னும் கதவைக் கடந்தே வலக் கீழறையை எய்தும். ஒரு நாளில் ஏறக்குறைய ஓரிலட்சம் முறை திறந்து மூடும் அக்கதவின் நடுவே ஒரு கம்பி என்றும் கிடக்கிறது. ஏரி மதகின் பலகைக்கடியிற் கயிறொன்று சிக்கினால் பலகை பொருந்தாது நீர் கசிவதை நம் உழவர் அறிவர். இதுவும் அத்தன்மைத்தே. பெரும்பாலோரிடம் இதனால் பெருந்தீங்கு நேர்வதில்லை, சிலரிடம் நேர்கிறது.

அமெரிக்க நாட்டு மேயோ மருத்துவ நிலையத்தார் 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இங்கே நினைக்கத்தக்கது. கம்பியாற் கடுங்கசிவுற்று அறுவைக்கு உட்பட்ட 41 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். 16 பேரிடம் கம்பி இதழை அழுத்தி மூடவொட்டாது தடுத்திருந்தது. 14 பேரிடம் இதழோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 7 பேரிடம் இதழைத் துளைத்திருந்தது. 4 பேரிடம் இதழ்களைத் தாங்கும் நரம்புபோன்ற இழைகளிற் சிக்கியிருந்தது. இவர்களுள் மார்பின்மேல் வைத்துப் பார்க்கும் எக்கோச் சோதனையால் கம்பியே காரணமென முன்னரே அறியப்பட்டோர் ஐவரே! உணவுக்குழாய் வழியாகவும், முப்பரிமாணத்திலும் பார்க்கும் எக்கோ இதனை இன்னும் தெளிவாகக் காட்டவல்லது.

நிற்க. இந்நோய் பல்லாண்டு ஒளிந்திருக்கும். கால் வீங்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கல்லீரல் பருத்து வயிற்றில் நீர் கோக்கும். "வயதாயிற்று, கால் வீங்கத்தான் செய்யும்" என்று வீட்டார் சொல்லிவிடுவர். கருவி பொருத்திய ஒருவரிடம் இவ்வாறு சொல்லி வாளாவிருத்தல் தகாது என்பதே நம் கருத்து. கருவி பொதிந்த இடம் சிவந்து, காய்ச்சலும் விட்டுவிட்டு வருமாயின், கம்பியிலும் வால்விலும் கிருமி பற்றியிருக்கலாம். அப்பொழுது மாத்திரை மட்டும் போதாது, கருவியையும் கம்பியையும் ஒருங்கே எடுக்க வேண்டிவரும்.

எனினும், கசிவு கண்டவுடன் கம்பியை உருவிவிடலாமென எண்ணுதல் பிழை. நாட்பட்ட கம்பியைச் சுற்றித் தசைநார் வளர்ந்து இறுகியிருக்கும். இழுத்தால் இதழே கிழியக்கூடும். மேலும், கசிவனைத்தும் கம்பியின் குற்றமன்று; கீழறை விரிந்து வால்வின் வளையம் அகல்வதாலும் அது நேரும். ஆகவே சிறுநீரை மிகுவிக்கும் மருந்தாற் சிலரும், வால்வைச் செப்பனிடும் அறுவையாற் சிலரும் நலம் பெறுகின்றனர். சிலருக்கு, வால்வைக் கடவாமல், இருதயத்தின் புறச்சிரைவழியாகக் கம்பி செலுத்தப்படுகிறது. கம்பியே இல்லாத, மருந்துக் குளிகை யளவினதாய்க் கீழறையினுள்ளே அமரும் கருவிக்கு 2016-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அதனைப் பொருத்திக்கொண்ட சிலரிடத்தும் கசிவு மிகுந்தமை காணப்பட்டுள்ளது.