படலங்களும் மறைந்திருக்கும் பரிமாணங்களும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

பொருளைப் பிளந்துகொண்டே போனால் கடைசியில் எஞ்சுவது எது? இக்கேள்வி மனிதனை நெடுங்காலமாக விடாமல் தொடர்கிறது. அணுவுக்குள் உட்கருவும், அதனுள் புரோட்டானும் நியூட்ரானும், அவற்றினுள் குவார்க்குகளும் இருப்பதை அறிஞர்கள் கண்டனர். அதற்கும் அடியில் இருப்பவை புள்ளிகள் அல்ல, அதிரும் நுண்ணிழைகளே என்கிறது இழைக் கொள்கை. ஒரே வீணைத் தந்தி பல சுரங்களை எழுப்புவது போல, ஓர் இழையே பலவாறு அதிர்ந்து பல துகள்களாகத் தோன்றுகிறதாம். இக்கொள்கையில் இழைகளோடு சேர்ந்து வரும் 'பிரேன்' என்னும் பொருள்களைப் பற்றி, எனக்கு விளங்கிய அளவில் எழுத முற்படுகிறேன்.

பரிமாணம் என்பது யாது?

கோட்டுக்கு நீளம் மட்டும் உண்டு. பரப்புக்கு நீளமும் அகலமும் உண்டு. பெட்டிக்கு உயரமும் சேர்ந்து மூன்று. காலத்தையும் கூட்டினால் நாம் அறிந்த பரிமாணங்கள் நான்கு. ஆனால் கணக்கில் முரண் வராதிருக்கப் பத்துப் பரிமாணங்கள் வேண்டும் என்கிறது இழைக் கொள்கை. மீதி ஆறும் எங்கே?

எனது ஊர் வத்தல்மலை. அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், மலைப்பாதை நூல் இழுத்தாற்போல் தெரியும். நீளம் உண்டு, அகலம் தெரியாது. மேலே ஏறிச் சென்றாலோ, அதே நூலின்மேல் காப்பிக்கொட்டை மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று, எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடுவதைக் காணலாம். அகலம் எப்போதும் அங்கேயே இருந்தது. தொலைவில் நின்ற நமக்குத்தான் புலப்படவில்லை. மற்றப் பரிமாணங்களும் இவ்வாறே மிகச் சிறியனவாகச் சுருண்டு மறைந்திருக்கலாம் என்று கருதுகின்றனர்.

படலம் பிறந்த கதை

உயிரியல் பாடத்தில் சவ்வு என்று படிக்கிறோமே, அந்த 'மெம்பரேன்' என்ற சொல்லின் வாலே 'பிரேன்'. எலெக்ட்ரானைப் புள்ளியாகக் கொள்ளாமல் ஒரு சிறு படலமாகக் கொள்ளலாமா என்று 1962-இல் டிராக் ஆராய்ந்தார். பின்னர் வந்தோர் இக்கருத்தை விரிவாக்கினர். புள்ளி என்பது 0-பிரேன், இழை 1-பிரேன், படலம் 2-பிரேன், கன அளவுடையது 3-பிரேன். இப்படியே ஒன்பது வரை செல்லும். மூன்றுக்கு மேற்பட்டவற்றை மனக்கண்ணால் காண இயலாது. கணிதம் ஒன்றே அங்கு ஊன்றுகோல்.

சோனாமீட்டர் காட்டும் வழி

நம் ஆய்வகத்துச் சோனாமீட்டரை நினைவுகூருங்கள். கம்பி நடுவே அதிர்கிறது. இரு கட்டைகளின்மேல் அதன் முனைகள் அசைவதில்லை. முனை நிலையாக இருக்க வேண்டும் என்னும் இந்த நிபந்தனைக்கு ஜெர்மானியக் கணித அறிஞர் டிரிக்லேயின் பெயர் வழங்குகிறது. திறந்த இழைகளின் முனைகள் இவ்வாறு ஒட்டிக்கொள்ளும் இடமே டி-பிரேன். 'டி' என்பது அவர் பெயரின் முதலெழுத்து. நீண்ட கம்பியில் வளையம் கோத்துக் கட்டிய ஆடு, கம்பியின் வழியே எவ்வளவு தூரமும் போகலாம். ஆனால் வளையம் கம்பியை விட்டு விலகாது. இழையின் முனையும் அவ்வாறே பிரேனில் வழுக்கிச் செல்லுமே தவிர, விட்டு நீங்காது.

ஜோசப் போல்சின்ஸ்கியும் அவருடைய மாணவர் இருவரும் 1989-இல் இதை எழுதினர். சோனாமீட்டர்க் கட்டை போல் பிரேன் சும்மா கிடப்பதன்று, அதுவும் அசையும், அதிரும் என்று கண்டனர். அதற்கு மின்னூட்டம் போன்றதொரு பண்பும் உண்டு என்று 1995-இல் போல்சின்ஸ்கி நிறுவினார். மறு ஆண்டே ஸ்ட்ராமிஞ்சரும் வாஃபாவும், ஒருவகைக் கருந்துளையின் என்ட்ரோபியைப் பிரேன்களைக் கொண்டு எண்ணிக் காட்டினர். ஹாக்கிங் முதலியோர் வேறு வழியில் கண்ட விடையோடு அது பொருந்தியது.

நம் நாட்டின் பங்கு

பிரேனும் அதன் எதிர்ப்பிரேனும் சந்தித்தால் என்ன ஆகும்? இரண்டும் அழிந்து வெறும் வெளியே எஞ்சும் என்று 1998-இல் கருதுரைத்தவர் அசோக் சென். அப்போது அவர் அலகாபாத்தில், இன்று ஹரிஷ்-சந்திரா ஆராய்ச்சி நிறுவனம் எனப்படும் இடத்தில் பணியாற்றினார். 2012-இல் அடிப்படை இயற்பியல் பரிசின் முதல் வரிசையில் அவரும் ஒருவர்.

இந்திய வம்சாவளியினரான ராமன் சுந்தரம், லிசா ராண்டலுடன் சேர்ந்து 1999-இல் வேறொரு வினாவை எடுத்தார். சிறு காந்தம் ஒன்று, பூமி முழுவதும் இழுத்தும் குண்டூசியைத் தூக்கிவிடுகிறதே. ஈர்ப்பு ஏன் இவ்வளவு வலுவற்றது? நாம் ஒரு 3-பிரேனில் வாழ்கிறோம். ஈர்ப்பின் செறிவு வளைந்த ஐந்தாம் பரிமாணத்தில் நம்மை விட்டு அப்பால் குவிந்திருக்கிறது என்பது அவர்கள் தந்த விடை.

மெய்ப்பிக்கப்பட்டதா?

இல்லை. இதை மறைத்தல் தகாது. மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு நெருக்கத்திலும் ஈர்ப்பை அளந்து பார்த்துவிட்டனர். நியூட்டன் விதி மாறவில்லை. ஜெனீவாவின் பெரிய துகள் மோதுவியிலும் இதுவரை அடையாளம் கிட்டவில்லை.

விடுமுறையில் ஆயாவிடம் இதைச் சொன்னேன். "ஏன் கண்ணு, யாருமே பார்க்காததையா படிக்கிறே?" என்றார். உடனே பதில் வரவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். ஆயா இளம்பெண்ணாய் இருந்தபோது, கல்லூரியும்கூட மலைக்கு அப்பால் யாரும் பாராத ஒன்றாகவே இருந்திருக்கும். அது அங்கே இல்லாமல் இல்லை. செல்லப் பாதைதான் இல்லை.

பிரேன்கள் உண்மையா என்பதைச் சோதனை முடிவு செய்யட்டும். இல்லை என்று நிரூபிப்பதும் அறிவே. அந்தச் சோதனையைச் செய்யும் கைகளில் நம் மாணவர் கையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே என் அவா. இது நமக்கு எட்டாத படிப்பு என்று ஒதுங்காதீர்கள், நண்பர்களே! சோனாமீட்டரில் தொடங்குவோம்.