பட்டியலில் இல்லாத ஒன்பது பிள்ளைகள்



இந்தக் கிழமை எபிசோடில எஸ்கியூஎல் ஜொயின் பற்றிக் கதைச்சம். ஒரு கட்டளையைக் காதால மட்டும் கேட்டு விளங்கிக்கொள்ளுறது கஷ்டம். அதால அதே விஷயத்தை இங்கே எழுத்தில தாறன். எபிசோடில சொல்ல வெட்கப்பட்ட ஒரு கதையும் இருக்கு.

நான் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொம்பியூட்டர் வேலையில உதவி செய்யிறனான். ஆண்டு விழாவுக்குச் சான்றிதழ்ப் பட்டியல் எடுக்கிறது என்ர பொறுப்பு. பட்டியல் வடிவா வந்தது: பெயர், வகுப்பு, ஆசிரியர். அச்சடிச்சும் குடுத்தாச்சு. விழா முடியிற நேரம் ஒரு சின்னப் பிள்ளை வந்து என்னட்டக் கேட்டா: "அண்ணா, என்ர பேரை ஏன் கூப்பிடேல்ல?"

வீட்டை வந்து பார்த்தன். மாணவர் டேபிளில் 212 பேர். என் பட்டியலில் 203 பேர். ஒன்பது பிள்ளைகள் காணாமல் போயிருந்தார்கள். கொம்பியூட்டர் ஒரு எச்சரிக்கையும் தரவில்லை. ஏனென்றால் அது பிழை விடவில்லை. நான் கேட்டதைத்தான் செய்தது.

ஏன் இரண்டு டேபிள்?

மாணவர் டேபிளில் வகுப்பின் பெயர் இருக்காது. 'வகுப்பு_எண்' என்ற இடத்தில் 3, 5, 7 என்று எண் மட்டும்தான் இருக்கும். அந்த எண்ணுக்குரிய பெயரும் ஆசிரியரும் வகுப்பு டேபிளில் இருக்கும். ஆசிரியர் மாறினால் ஒரே ஒரு இடத்தில் திருத்தினால் போதும். ஒவ்வொரு பிள்ளையின் வரிசையிலும் எழுதி வைத்திருந்தால் இருபது இடத்தில் திருத்த வேணும். ஒன்றை மறந்தாலும் குழப்பம். இப்படித் தரவைத் தனித்தனி டேபிள்களாகப் பிரித்து, எண்களால் இணைக்கிற முறைக்கு அடிப்படை போட்டவர் ஐபிஎம்மில் வேலை செய்த எட்கர் கொட். அவருடைய கட்டுரை வந்தது 1970இல்.

ஆனால் அம்மா அப்பாவுக்கு '7' என்று காட்டேலாது, பெயர் வேணும். அதற்குத்தான் ஜொயின்.

நான் எழுதியது

கட்டளைச் சொற்களை நீங்கள் ஆங்கிலத்தில் அடிக்க வேணும். இங்கே உச்சரிப்பைத்தான் எழுதுகிறேன். டேபிள் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், எஸ்கியூலைட்டும் போஸ்ட்கிரெஸும் அதை ஏற்கும்.

செலெக்ட் மாணவர்.பெயர், வகுப்பு.பெயர்
ஃப்ரொம் மாணவர்
ஜொயின் வகுப்பு
ஒன் மாணவர்.வகுப்பு_எண் = வகுப்பு.எண்

வெறும் ஜொயின் என்றால் அது இன்னர் ஜொயின். இரண்டு பக்கமும் பொருந்துகிற வரிசை மட்டும்தான் வெளியே வரும். அந்த ஒன்பது பேரும் பள்ளி தொடங்கின பிறகு, தையில் வந்து சேர்ந்தவர்கள். வகுப்பில் இருந்து படித்தார்கள், ஆனால் வகுப்பு எண்ணை ஒருவரும் பதியவில்லை. அந்த இடம் நல், அதாவது வெறுமை. நல் எதற்கும் சமமாகாது, இன்னொரு நல்லுக்குக்கூடச் சமமாகாது. பொருத்தம் இல்லை, ஆகவே பிள்ளையும் இல்லை.

எழுதியிருக்க வேண்டியது

செலெக்ட் மாணவர்.பெயர், கோஅலெஸ்(வகுப்பு.பெயர், 'வகுப்பு பதியவில்லை')
ஃப்ரொம் மாணவர்
லெஃப்ட் ஜொயின் வகுப்பு
ஒன் மாணவர்.வகுப்பு_எண் = வகுப்பு.எண்

லெஃப்ட் ஜொயின் இடப்பக்க டேபிளில், அதாவது ஃப்ரொம்முக்குப் பின்னால் வருகிற டேபிளில், இருக்கிற எல்லாரையும் வைத்திருக்கும். வலப்பக்கத்தில் பொருத்தம் இல்லாவிட்டால் நல் வரும். அந்த நல்லுக்குப் பதிலாக வாசிக்கக்கூடிய ஒரு சொல்லைப் போடுறது கோஅலெஸ். 'வகுப்பு பதியவில்லை' என்று ஒன்பது தரம் அச்சில் வந்திருந்தால் விழாவுக்கு முதலே ஆரோ ஒரு டீச்சர் கண்டுபிடித்திருப்பா.

திரும்பவும் விழக்கூடிய குழி

மழலையருக்கு வேற சான்றிதழ், அவர்களை விலக்க வேணும் என்று வைப்போம். லெஃப்ட் ஜொயினுக்குக் கீழே இப்படி ஒரு வரி போடுவீர்கள்:

வெயர் வகுப்பு.பெயர் <> 'மழலையர்'

அந்த ஒன்பது பேரும் திரும்பக் காணாமல் போவார்கள்! 'நல் மழலையருக்குச் சமமில்லைத்தானே' என்று எங்கட மூளை சொல்லும். எஸ்கியூஎல் அப்படிச் சொல்லாது. நல்லோடு எதை ஒப்பிட்டாலும் விடை 'ஆம்' இல்லை, 'இல்லை' இல்லை, 'தெரியாது'. வெயர் 'ஆம்' என்ற வரிசையை மட்டும்தான் விடும். ஆகவே இப்படி எழுதுங்கோ:

வெயர் வகுப்பு.பெயர் <> 'மழலையர்' ஓர் வகுப்பு.எண் இஸ் நல்

கூடினாலும் பிழைதான்

212 பேர் 230 வரிசையாக வந்தால்? வகுப்பு டேபிளில் 7 என்ற எண் இரண்டு தரம் இருக்குது என்று அர்த்தம். ஏழாம் எண் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இரண்டு தரம் வருவார்கள். சிலர் உடனே 'டிஸ்டிங்ட்' போட்டு மறைப்பார்கள். அது காயத்துக்கு மேலே சட்டை போடுற மாதிரி. வகுப்பு எண்ணைப் பிரைமரி கீ ஆக்குங்கோ, ஒரே எண் இரண்டு தரம் உள்ளே வராது.

மாணவர் பக்கத்தில் ஃபொரின் கீ போட்டால் இல்லாத வகுப்பின் எண் உள்ளே வராது. ஆனால் நல் வரும்! அதையும் தடுக்க 'நொட் நல்' வேணும். எஸ்கியூலைட் பாவிக்கிறவர்களுக்கு இன்னொன்று: அங்கே ஃபொரின் கீ சோதனை வழமையாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் நீங்கள்தான் இயக்க வேணும்.

இப்ப நான் செய்யிறது

ஜொயினுக்கு முதல் ஒருக்கா எண்ணுவன், பிறகு ஒருக்கா எண்ணுவன். கவுண்ட்(*) அடிக்க ஐந்து செக்கன் போதும். எண்ணுக்குப் பெயர் தேடுகிற ஜொயினில் இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேணும். குறைந்தால் ஆரோ விழுந்திட்டினம், கூடினால் ஆரோ இரட்டித்திட்டினம். இன்னர் ஜொயினை, பொருந்தாதவர்கள் வேண்டாம் என்று நானே முடிவெடுத்தால் மட்டும்தான் பாவிக்கிறன்.

வீட்டுவேலை

சினூக் என்ற இலவச மாதிரி டேட்டாபேஸை இறக்குங்கோ. ஓர் இசைக் கடையின் தரவு அது. கலைஞர் டேபிளில் 275 பேர், ஆல்பம் டேபிளில் 347 ஆல்பங்கள். கலைஞரை முதலில் வைத்து இன்னர் ஜொயின் செய்தால் 347 வரிசை வரும். லெஃப்ட் ஜொயின் செய்தால் 418. அந்த 71 வித்தியாசம் எங்கேயிருந்து வந்தது? கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கோ. பிறகு, பாட்டுகளின் வகை எண்ணுக்குப் பதிலாக வகையின் பெயர் வரச் செய்து பாருங்கோ.

அந்தப் பிள்ளைக்குப் பிறகு கதை என்ன? அடுத்த சனிக்கிழமை ஒன்பது சான்றிதழும் வகுப்பறையில் குடுத்தம். அவ சிரிச்சுக்கொண்டுதான் வாங்கினா. ஆனா மேடையும் கைதட்டலும் போன கிழமையே முடிஞ்சுது. அதைத் திருப்பிக் குடுக்கிற கட்டளை எஸ்கியூஎல்லில இல்லை.

அடுத்த எபிசோடில சந்திப்பம்.