கார்த்திகைப்பூவும் அதன் கிழங்கும்

கார்த்திகை மாத மழையோடு வேலியில் தீப்பிடித்தாற்போலப் பூக்கிற கொடி ஒன்று உண்டு. ஆறு இதழும் நெளிநெளியாக மேல்நோக்கி மடிந்து, முதலில் பச்சையும் மஞ்சளுமாக இருந்து, பிறகு நன்றாகச் சிவந்துவிடும். அதுதான் கார்த்திகைப்பூ. சிங்களத்தில் நியங்கலா என்பார்கள். ஈரமான காட்டோரத்திலும் வளரும், மணற்பாங்கான பற்றையிலும் வளரும். திருகோணமலையில் இறக்கக்கண்டி, நிலாவெளிப் பக்கம் சொந்தக்காரர் உள்ளவர்கள் மாரி காலத்தில் போனால் கண்டிருப்பீர்கள். இலை நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடித்து ஏறும்.

பழைய பெயர் காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கிச் சொல்கிறார். முதற்பூ இதுதான். மலைநாட்டுப் பூவென்று நாமும் பெருமைப்படலாம். தமிழ்நாட்டின் மாநிலப் பூவும் இதுவே.

பூவைப் பார்த்து ரசியுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் செடி முழுக்க விஷம், கிழங்கிலும் விதையிலும் அதிகம். கொல்சிசின் என்ற சத்து அதிலே இருக்கிறது. அளந்து கொடுத்தால் கீல்வாதத்துக்கு மருந்து. அதற்காகவே தமிழ்நாட்டில் இதைப் பயிரிட்டு விதை எடுக்கிறார்கள். அளவு மீறினால் உயிரை எடுக்கும்.

பூத்து நிற்கும்போது யாரும் ஏமாறுவதில்லை. மழை ஓய்ந்ததும் கொடி காய்ந்து மறைந்துவிடும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். அந்த நேரம் மண்வெட்டியில் அகப்பட்டால் வத்தாளங்கிழங்கென்றோ வள்ளிக்கிழங்கென்றோ அவித்துவிடுகிறார்கள். அவித்தாலும் விஷம் போகாது. கலப்பை மாதிரி இரண்டு கிளையாக வளைந்திருந்தால் சந்தேகப்படுங்கள். இந்தக் கிழங்குக்குக் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர் உண்டு. நாம் நட்டு வளர்க்காத கிழங்கை அடுப்பில் ஏற்றாமலிருப்பதே நல்லது. பிள்ளைகள் தோண்டி விளையாடுகிற இடத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

தின்றவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்தே வாந்தி, வயிற்றோட்டம், வயிற்றுவலி வரும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையென்று மல்லித்தண்ணி கொடுத்துக்கொண்டு லயத்திலேயே இருக்கிறார்கள். அப்படி இருக்கக் கூடாது. தின்றது தெரிந்தால் வாந்தி வருமுன்பே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மிச்சக் கிழங்கை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள், டாக்டருக்குக் கிழங்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். இதற்கென்று மாற்று மருந்து ஆஸ்பத்திரிகளில் கிடையாது, நேரத்தோடு போவதுதான் பெரிய உதவி.

பிழைத்தவர்களுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துத் தலைமுடி கொட்டுவதும் உண்டு. இந்தக் கிழங்கு விஷத்தால் முடியெல்லாம் கொட்டிய ஒருவரைப் பற்றி 1966 இல் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையிலேயே எழுதினார்கள்.

வாந்தி நின்றுவிட்டதென்று வார்ட்டில் துண்டு வெட்டிக்கொண்டு வர அவசரப்படாதீர்கள். இரண்டாம், மூன்றாம் நாளில்தான் இருதயமும் சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கும். டாக்டர் போகச் சொல்லும்வரை அங்கேயே இருங்கள்.